47 வயது உடம்புக்கு 56 என்று வந்த அறிக்கை

வந்தவருக்கு வயது 47. உட்கார்ந்த இடத்திலேயே வேலை. மனைவி, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். பெரிய நோய் எதுவும் வந்ததில்லை, தினப்படி மாத்திரை என்று எதுவும் கிடையாது. அதனால் 'நோயாளி' என்று எழுதக் கை வரவில்லை; இந்த ஆய்வு முழுக்க 'அவர்' என்றே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

கையில் 22 பக்கத்துக்கு வண்ண அச்சில் ஓர் அறிக்கை. வீட்டுக்கே பெட்டி வரும். விரல் நுனியில் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் உலர வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வகைப் பரிசோதனை. மூன்றாம் பக்கத்தில் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு சிவப்பில் ஓர் எண்: 56.4. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'உங்கள் உயிரியல் வயது'.

"டாக்டர், எங்கப்பா 51ல போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். எனக்கு இப்பவே 56ன்னு போட்டிருக்கான். அப்படிப் பார்த்தா கணக்குப்படி நான்..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். மூன்று வாரமாக இவர் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று பக்கத்தில் இருந்த மனைவி சொன்னார்.

அவர் போட்ட கணக்கு தப்பு. ஆனால் அப்படிக் கணக்குப் போட வைத்தது அந்த மூன்றாம் பக்கம். எதையும் 'ஆண்டு' என்று அளந்து கொடுத்தால் ஜனங்கள் அதை ஆயுளில் கழித்துத்தான் பார்ப்பார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்?

புள்ளி வைத்த எழுத்து

ஒரு தாளில் 'க' என்று எழுதிக் காட்டினேன். மேலே ஒரு புள்ளி வைத்தேன். 'க்' ஆகிவிட்டது. எழுத்து அதேதான், உள்ளே இருந்த அகர ஒலி மட்டும் அடங்கிவிட்டது. அவருடைய அறிக்கை அளந்திருப்பது இந்த மாதிரிப் புள்ளிகளைத்தான்.

டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்கள் மனிதருக்கு ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் உண்டு. அந்தச் சைட்டோசினின் மேல் ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், ஒட்டிக்கொள்ளலாம். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தப் புள்ளிகள் அடர்ந்துவிட்டால் பொதுவாக அந்த மரபணு அடங்கிவிடும். கண்ணில் இருக்கும் செல்லும் கல்லீரலில் இருக்கும் செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வயது ஏற ஏறச் சில இடங்களில் புள்ளி உதிர்கிறது, சில இடங்களில் வேண்டாத புள்ளி விழுகிறது. 2005ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 40 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களை எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் இருவருடைய புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. வயதான ஜோடிகளில், அதிலும் வெகுகாலம் பிரிந்து வாழ்ந்தவர்களில், வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. எழுத்து அச்சு அசல் ஒன்றுதான், புள்ளிகள்தான் வேறாகிவிட்டன.

ஆய்வகத்தில் புள்ளியைப் படிக்கும் விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். டிஎன்ஏவைப் பைசல்ஃபைட் கரைசலில் போடுவார்கள். புள்ளியில்லாத சைட்டோசின் எல்லாம் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும். புள்ளி வைத்தது மட்டும் அசையாமல் நிற்கும். அப்புறம் எது மாறியது, எது நின்றது என்று ஒரு சில்லு படித்துச் சொல்லிவிடும். இல்லுமினா நிறுவனத்தின் இன்றைய சில்லு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படிக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் கிடைப்பது 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண். 0.61 என்றால், அந்த ரத்தத் துளியில் இருந்த டிஎன்ஏ பிரதிகளில் சுமார் 61 சதவீதத்தில் அந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்று பொருள்.

இதுவரை எல்லாம் வேதியியல். சண்டை இதற்கு மேல்தான்.

ஆண்டு என்ற அலகு

2013ல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 51 வகைத் திசுக்கள், செல்களிலிருந்து சுமார் 8,000 மாதிரிகளை எடுத்து, அவற்றில் 353 இடங்களின் புள்ளிகளை மட்டும் வைத்தே ஒருவருடைய வயதைச் சொல்ல முடியும் என்று காட்டினார். சராசரிப் பிழை சுமார் 3.6 ஆண்டு. இப்படிப் புள்ளிகளை வைத்து வயது சொல்லும் கணக்குக்குத்தான் கடிகாரம் என்று பெயர். அதே ஆண்டு ஹேனம் குழுவினர் ரத்தத்துக்கென்று 71 இடங்களை வைத்து இன்னொரு கடிகாரம் செய்தார்கள்.

இதில் ஒரு விநோதம் உண்டு. இந்தக் கடிகாரங்கள் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டவை. பிழையே இல்லாமல் கண்டுபிடித்துவிட்டால் அது பிறப்புச் சான்றிதழுக்குச் சமம். உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2019ல் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அதுதான் நடந்தது. வயதைத் துல்லியமாகச் சொல்லச் சொல்ல, இறப்பு அபாயத்தோடு இருந்த தொடர்பு தேய்ந்துகொண்டே போனது. ஆரோக்கியச் செய்தி ஒளிந்திருந்தது பிழையில்தான்.

அதனால் அடுத்த தலைமுறைக் கடிகாரங்களை வேறு மாதிரி செய்தார்கள். 2018ல் வந்த ஃபீனோஏஜ், ரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின், அல்புமின், சிஆர்பி போன்ற 9 சாதாரண ஆய்வக அளவுகளையும் வயதையும் சேர்த்து ஓர் அபாயக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை 513 இடங்களிலிருந்து ஊகிக்கப் பழக்கப்பட்டது. 2019ல் வந்தது கிரிம்ஏஜ். உயிரை வாங்க வரும் மேற்கத்திய மரண உருவத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1,030 இடங்களிலிருந்து 7 ரத்தப் புரதங்களின் அளவையும், எவ்வளவு சிகரெட் பிடித்திருப்பார் என்பதையும் ஊகித்து, அதையெல்லாம் சேர்த்து இறப்பு அபாயம் சொல்லும். அந்த அபாய எண்ணைக் கடைசியில் நீட்டிச் சுருக்கி, ஆண்டு மாதிரித் தெரியும்படி மாற்றுகிறார்கள். வெப்பத்தை ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு மாற்றுவது போன்ற கணக்கு. 'ஆண்டு' என்ற சொல் அந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

அவருடைய அறிக்கையின் 19ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில், இது இறப்பு அபாயத்தை வைத்துப் பழக்கிய இரண்டாம் தலைமுறைக் கடிகாரம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தைப் பார்த்து மிரண்டவர் யாராவது 19ஆம் பக்கம் வரை பொறுமையாகப் படிப்பாரா?

சரி, ஆயுளைப் பற்றி இவை ஒன்றுமே சொல்லாதா? கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். 2015ல் நான்கு முதியோர் குழுக்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஹேனம் கடிகாரம் உண்மை வயதைவிட 5 ஆண்டு கூடுதலாகக் காட்டியவர்களுக்கு இறப்பு அபாயம் 21 சதவீதம் கூடுதலாக இருந்தது. 21 என்றதும் அவர் முகம் மறுபடி வாடியது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏதோ ஒரு வயதில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 4 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 21 சதவீதம் கூடினால் அது 5க்குக் கொஞ்சம் கீழே. மீதி 995 பேர் அடுத்த ஆண்டும் இருப்பார்கள். அந்த 5 பேரில் இவர் ஒருவரா என்று கடிகாரத்துக்குத் தெரியாது.

அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருந்தது, 1.14. 'முதுமையின் வேகம்'. இது வேறு வழியில் வந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 26, 32, 38, 45 வயதுகளில் ஈறு முதல் சிறுநீரகம் வரை 19 அளவுகள் எடுத்து, யார் வேகமாகத் தேய்கிறார், யார் மெதுவாகத் தேய்கிறார் என்று பார்த்தார்கள். அந்த வேகத்தை 173 இடங்களிலிருந்து ஊகிப்பதுதான் 2022ல் வந்த டனீடின்பேஸ். 1 என்றால் ஓர் ஆண்டுக்கு ஓர் ஆண்டு தேய்மானம். 1.14 என்றால் கொஞ்சம் வேகம். மூன்றாம் பக்கத்தில் இதைப் போட்டிருந்தால் அவருக்கு மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். 1.14ஐ வைத்துக்கொண்டு யாரும் சாவுக் கணக்குப் போட மாட்டார்கள்.

ஒரே விரல், இரண்டு அட்டை

"ரத்தம் எடுத்த நாள் உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. மனைவிக்கு இருந்தது. "அதுக்கு முன்னாடிதானே காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. 103 டிகிரி." அவருடைய போனில் விடுப்புச் செய்தியைத் தேடிப் பார்த்தோம். காய்ச்சல் விட்டு ஒன்பதாம் நாள் குத்தியிருக்கிறார்.

இது சின்ன விஷயம் இல்லை. ரத்தத்தில் டிஎன்ஏ இருப்பது வெள்ளை அணுக்களில். வெள்ளை அணு ஒரே வகை கிடையாது. ஒவ்வொரு வகைக்கும் புள்ளிகளின் கோலம் வேறு. வயது கூடும்போது இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி அணுக்கள் குறைந்துகொண்டே வரும். தொற்று வந்த உடம்பிலும் அணுக்களின் கலவை மாறும். கலவை மாறினால் எந்த அணுவும் மூப்படையாமலே கடிகாரம் முன்னே நகர்ந்துவிடலாம். 2023ல் வந்த ஓர் ஆய்வில், இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சைக்கு ஆளான முதியவர்களுக்கு இந்த வயது மறுநாளே ஏறி, சில நாட்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. கர்ப்ப காலத்தில் ஏறியதும் பிரசவத்துக்குப் பின் இறங்கியது. ஏறி இறங்கும் ஒன்றை வயது என்று சொல்லலாமா என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும்.

இரண்டு மாதம் காத்திருந்தோம். அப்புறம் ஒரு காரியம் செய்தோம். அதே நிறுவனத்திடம் இரண்டு பெட்டி வாங்கச் சொன்னேன். ஒரே காலை, ஒரே விரல், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு அட்டை. ஒன்று அவர் பெயரில், இன்னொன்று வேறு பதிவு எண்ணில்.

வந்த விடை: 50.8, 54.9.

ஒரே மனிதர், ஒரே காலை. நடுவில் நாலு ஆண்டு. வேகக் கணக்கு மட்டும் 1.08, 1.10 என்று ஒட்டியே இருந்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒரே மாதிரியை இரண்டு தடவை சில்லில் போட்டால் பிரபலமான கடிகாரங்கள் 9 ஆண்டு வரைகூட வித்தியாசம் காட்டுகின்றன என்று 2022ல் அச்சிலேயே வந்துவிட்டது. தனித்தனி இடத்தின் அளவில் இருக்கும் சின்னச் சின்ன இரைச்சல் சேர்ந்துகொள்வதுதான் காரணம். அதைக் குறைக்க, பல இடங்களின் பொதுப் போக்கை மட்டும் எடுத்துக் கணக்கிடும் முறையையும் அதே ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். நிறுவனம் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டு இவர் எழுதினார். 'இயல்பான வேறுபாட்டு வரம்புக்குள் உள்ளது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இருக்கட்டும். அந்த வரம்பு எவ்வளவு என்று மூன்றாம் பக்கத்தில் 56.4க்குப் பக்கத்திலேயே போட்டிருக்கலாமே? தசமப் புள்ளிக்கு அப்பால் ஓர் எண்ணைப் போடும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சிஜி 05575921

மூலக் கோப்பையும் நிறுவனம் கொடுத்திருந்தது. திறந்தால் 9 லட்சத்துக்கு மேல் வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஓர் இடத்தின் பெயர், ஓர் எண், அவ்வளவுதான். தேடும் பெட்டியில் சிஜி 05575921 என்று அடித்தேன். ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் உள்ள இடம் அது. சிகரெட் புகையில் உள்ள நச்சுகளை உடம்பு சமாளிக்கும் பாதையோடு தொடர்புள்ள மரபணு. புகைப்பவர்களின் ரத்தத்தில் இந்த இடத்தில் புள்ளி உதிரும். எவ்வளவு புகைக்கிறார்களோ அவ்வளவு உதிரும். இந்தப் புள்ளிகளை ஆராயும் எபிஜெனடிக் துறை முழுவதிலும் இவ்வளவு உறுதியாக, இவ்வளவு பேர் திரும்பத் திரும்பப் பார்த்த தொடர்பு வேறொன்று இருப்பது அரிது. புகைக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 0.8க்கு மேல் இருக்கும்.

அவருடையது 0.61. மறு பரிசோதனையின் இரண்டு அட்டையிலும் 0.61, 0.62. உயிரியல் வயது நாலு ஆண்டு ஊசலாடிய அதே அட்டைகளில் இந்த ஓர் இடம் அசையவே இல்லை.

முதல் நாள் விவரம் கேட்டபோது, சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். புகையை விட்டவர்களுக்கு இந்தப் புள்ளிகள் மெதுவாகத் திரும்பி வரும். பெரும்பாலான இடங்கள் ஐந்து ஆண்டுக்குள் புகைக்காதவர் அளவுக்கு வந்துவிடும், சில இடங்களில் 30 ஆண்டு கழித்தும் தழும்பு மிஞ்சும் என்று 2016ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆகவே 0.61 என்பதை வைத்து 'நீங்கள் பொய் சொல்கிறீர்கள்' என்று சொல்லிவிட முடியாது. முன்பு நிறையப் பிடித்தவராக இருக்கலாம். ஆனால் கேட்கலாம்.

மனைவி தண்ணீர் பாட்டிலை நிரப்ப வெளியே போன நேரத்தில் கேட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ரத்தத்துல தெரியுமா டாக்டர்?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆபீஸ் பின்னாடி மாடிப்படி இருக்கு. ஒரு நாளைக்கு நாலு. சில நாள் ஆறு. அவகிட்ட சொல்லாதீங்க."

நான் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்றும் சொன்னேன்.

இரண்டு விஷயம் அன்றைக்கு எனக்கு உறைத்தது. கிரிம்ஏஜ் வகைக் கடிகாரம் சிகரெட்டை ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது. இவருடைய 'கூடுதல் ஆண்டு'களில் ஒரு நல்ல பங்கு அந்த மாடிப்படியிலிருந்து வந்திருக்கும். அதாவது 22 பக்க அறிக்கை அவருக்குச் சொன்னதில் நம்பகமான பகுதி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதி. இன்னொன்று, இந்தக் கோப்பு யார் யார் கையில் இருக்கிறது என்பது. சம்மதப் படிவத்தில் 'ஆராய்ச்சிக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கும்' என்று ஒரு வரி இருந்தது. கூட்டாளி யார்? ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் 'புகைப்பழக்கம் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால், அதைச் சரிபார்க்க இந்த ஒரு வரி போதும். அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவ்வகைப் படிவங்களை நானும் படிப்பதில்லை.

அப்பாவின் 51

அவருடைய உண்மையான பயம் 56.4 அல்ல, 51. அப்பாவின் புள்ளிகள் தனக்கும் இறங்கியிருக்குமோ என்று கேட்டார். எங்கோ டச்சுப் பஞ்சத்தைப் பற்றிப் படித்திருக்கிறார். 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த தாய்மார்களின் வயிற்றில் அப்போது கருவாக இருந்தவர்களை அறுபது ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி மரபணுவில் அவர்களுக்குப் புள்ளிகள் குறைவாக இருந்தன. அதே பெற்றோருக்கு வேறு காலத்தில் பிறந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த முடிவு அது. ஆனால் அந்தப் பட்டினியைக் கரு நேரடியாகவே அனுபவித்தது. அப்பாவின் புகையோ கவலையோ விந்து வழியாக மகனுக்கு இறங்குவது வேறு கதை. கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் பெரும்பாலான புள்ளிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகின்றன.

ஆயுளே எவ்வளவு தூரம் பரம்பரை? டென்மார்க் இரட்டையர் ஆய்வு அதைச் சுமார் 25 சதவீதம் என்றது. 2018ல் கோடிக்கணக்கான பேருடைய வம்சாவளிகளை ஆராய்ந்தவர்கள், தம்பதிகள் தம்மைப் போன்றவர்களையே மணப்பதால் வரும் மாயையைக் கழித்துவிட்டு, 10 சதவீதத்துக்கும் கீழே என்றார்கள். இதைச் சொன்னபோது அவர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்காக அப்பாவின் மாரடைப்பை ஒதுக்கிவிட முடியாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது கணக்கில் சேர வேண்டிய அபாயம்தான். அதைப் பார்க்க எளிய வழிகள் இருக்கின்றன. அவருக்கு ரத்த அழுத்தமே யாரும் ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. என் அறையில் 158க்கு 98. வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கூடியிருக்குமோ என்று ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதி வரச் சொன்னேன். சராசரி 149க்கு 94. கெட்ட கொழுப்பு 164. எச்பிஏ1சி 6.1, சர்க்கரை நோயின் வாசல்படி. பரம்பரையாக வரும் லைப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவையும் பார்த்தோம். அப்பா கதைக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய பரிசோதனை அதுதான். இயல்பாக இருந்தது. இசிஜியும் நன்றாகவே இருந்தது.

இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கியது. எந்தக் கடிகாரமும் இல்லாமலே, இவருக்கு இன்றே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பது தெளிவு. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு ஸ்டாட்டின், சிகரெட்டை விட நிக்கோட்டின் பட்டையும் வாரம் ஒரு போனும். நடை. வேறொன்றும் இல்லை. ஆயுளை நீட்டும் மாத்திரைப் பட்டியல் ஒன்று அறிக்கையின் பின்பக்கத்தில், அதே நிறுவனம் விற்பது, இருந்தது. அதைத் தொட வேண்டாம் என்றேன்.

வாழ்க்கை முறையை மாற்றினால் கடிகாரம் மாறுமா என்பதற்கு நல்ல சான்று குறைவு. கேலரி என்ற சோதனையில், உடல் பருமன் இல்லாத 220 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டு கலோரியைக் குறைத்தார்கள். 25 சதவீதம் குறைக்க நினைத்து, நடைமுறையில் 12 சதவீதம் போலத்தான் முடிந்தது. டனீடின்பேஸ் வேகம் 2, 3 சதவீதம் தணிந்தது. ஃபீனோஏஜிலும் கிரிம்ஏஜிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஒரே ரத்தத்துக்குக் கடிகாரத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

இதே புள்ளி தயங்காமல் பேசும் இடங்கள்

இதைப் படிப்பவர்கள் எபிஜெனடிக் பரிசோதனை என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. பிறந்த குழந்தை துவண்டு கிடக்கிறது, பால் குடிக்கத் தெம்பில்லை என்றால், 15ஆம் குரோமோசோமில் ஓரிடத்தின் மெத்தில் புள்ளிகளைப் பார்ப்போம். அந்த இடத்தில் அம்மாவிடமிருந்து வந்த பிரதி புள்ளி வைக்கப்பட்டு அடங்கியிருக்கும், அப்பாவிடமிருந்து வந்தது பேசும். அப்பாவின் குரல் காணாமல் போயிருந்தால் பிராடர்-வில்லி நோய். இந்தப் பரிசோதனை 99 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துவிடும். அதே பகுதியில் அம்மாவின் பங்கு காணாமல் போனால் ஏஞ்சல்மன் நோய். அதில் சுமார் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும்.

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் எம்ஜிஎம்டி மரபணுவின் தொடக்கத்தில் புள்ளி இருந்தால், கட்டியால் தன் டிஎன்ஏ சேதத்தைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. டெமோசோலமைடு மருந்து நன்றாகக் கேட்கும். 2005லேயே தெரிந்த விஷயம், இன்று வழக்கமான பரிசோதனை. பெருங்குடல் புற்றுக்கான மலப் பரிசோதனை ஒன்று 2014லிருந்தே அமெரிக்க அனுமதியோடு, மற்ற அடையாளங்களோடு சில மரபணுக்களின் மெத்தில் புள்ளிகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

இவற்றில் கேள்வி குறிப்பானது. இந்தக் குழந்தைக்கு இந்த நோயா? இந்தக் கட்டி இந்த மருந்துக்குக் கேட்குமா? அதனால்தான் விடையும் தெளிவாக வருகிறது. நமக்கு வந்தவர் கேட்டது, நான் எப்போது சாவேன் என்று.

14 மாதம் கழித்து

அழுத்தம் 128க்கு 82. கெட்ட கொழுப்பு 88. எச்பிஏ1சி 5.7. நாலு கிலோ குறைந்திருந்தது. தூக்கம் திரும்பியிருந்தது.

நான் கேட்காமலே இன்னும் இரண்டு அட்டைக்குக் கொடுத்திருந்தார். கையில் இந்தத் தடவை இரண்டு அறிக்கை. ஒன்று 49.7, இன்னொன்று 52.6. வேகம் 1.05, 1.04. 49.7ஐ மட்டும் மேலே வைத்து நீட்டினார். அடியில் இருப்பதையும் எடுங்கள் என்றேன், சிரித்துவிட்டார். போன தடவை இரண்டின் சராசரியைவிட ஒன்றரை ஆண்டுக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறைவு. ஒரே காலையில் நாலு ஆண்டு தள்ளாடிய கருவியில் இதை முன்னேற்றம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேகம் குறைந்ததை ஓரளவு நம்பலாம். அழுத்தம் குறைந்ததை முழுசாக நம்புகிறேன்.

மகளுக்கும் எடுக்கலாமா, குடும்பமாக எடுத்தால் சலுகை தருகிறார்கள் என்று கேட்டார். மகளுக்கு 19. என்ன எண் வந்தாலும் அதை வைத்து அவளுக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கவலைப்பட மட்டும் ஒரு காரணம் கிடைக்கும். வேண்டாம் என்றேன்.

மூலக் கோப்பைத் திறந்தேன். சிஜி 05575921. இரண்டிலும் 0.67. முன்பு 0.61. புள்ளி திரும்பி வர ஆரம்பித்திருக்கிறது.

"விட்டுட்டீங்கபோல" என்றேன். பக்கத்தில் மனைவி இருப்பது வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் உறைத்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். ஆறு வருஷமா இவர் சட்டையைத் துவைக்கறது யாரு?"